பிள்ளைகளின் சிறுநீர், மறைவிடப் பிரச்சினைகள்: சிங்கப்பூர்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காது வலி என்று பிள்ளை அழுதால் பக்கத்து வீட்டு அக்கா வரைக்கும் யோசனை கேட்கிறோம். "ஒன்றுக்குப் போகிற இடம் வலிக்குது" என்று அழுதால் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுக்கிறோம். சிறுவர் வார்டில் தாதியாக இருந்த காலத்தில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். சும்மா விட்டாலே சரியாகிவிடுகிற விஷயத்தை இழுத்து, தேய்த்து, எண்ணெய் விட்டுப் புண்ணாக்கிக்கொண்டு சிலர் வருவார்கள். உடனே ஓடிவர வேண்டிய விஷயத்தை "விடியட்டும்" என்று வைத்திருந்து சிலர் வருவார்கள். எதில் பொறுக்கலாம், எதில் பொறுக்கக் கூடாது என்று பிரித்துச் சொல்வதுதான் இங்கே வேலை. டாக்டர் நேரில் பார்த்துச் சொல்வதற்கு இது ஈடாகாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கைக்குழந்தைக்குக் காய்ச்சல். சளி இல்லை, இருமல் இல்லை. டாக்டர் ஏன் சிறுநீரைச் சோதிக்கச் சொல்கிறார்?

கைக்குழந்தைக்கு "எரியுது" என்று சொல்லத் தெரியாது. சிறுநீர்த் தொற்று இருந்தால் காய்ச்சல் வரும், பால் குடிக்காது, வாந்தி எடுக்கும், சிணுங்கிக்கொண்டே இருக்கும். சில குழந்தைகள் சோர்ந்து படுத்துவிடும். இவை எல்லாக் காய்ச்சலுக்கும் பொதுவான அறிகுறிகள்தான். அதனால்தான் வேறு காரணம் தெரியாத காய்ச்சல் என்றால் சிறுநீரைப் பார்த்துவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் ஈ.கோலை என்ற கிருமி. நம் குடலில் இருப்பதுதான், மலத்தோடு வெளியே வந்து சிறுநீர்த் துளை வழியாக மேலே ஏறிவிடுகிறது. பிறந்த முதல் சில மாதங்களில் ஆண் குழந்தைகளுக்கு அதிகம் வருகிறது. அதற்குப் பிறகு பெண் குழந்தைகளுக்குத்தான் அதிகம், ஏனென்றால் அவர்களுக்குச் சிறுநீர்க் குழாய் குட்டை.

தொற்று சிறுநீரகம் வரை போய்விட்டால் அங்கே தழும்பு விழலாம். அதனால் மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல் என்றால் பனடால் கொடுத்துப் பார்ப்போம் என்ற பேச்சே வேண்டாம். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் பிள்ளைகளுக்கென்றே அவசரப் பிரிவு இரவு பகலாகத் திறந்திருக்கிறது.

சிறுநீரை ஒட்டும் பையில் பிடித்தால் போதாதா? ஏன் குழாய் விடுகிறார்கள்? பிள்ளை துடிக்கிறதே!

பெற்றோருக்கும் தாதியருக்கும் அதிகமாகச் சண்டை வருகிற இடம் இது. ஒட்டும் பையில் தோலில் இருக்கும் கிருமியும் சேர்ந்து விழுந்துவிடும். அதில் ஒன்றும் இல்லை என்று வந்தால் நம்பலாம். கிருமி இருக்கிறது என்று வந்தால், அது சிறுநீரில் இருந்ததா, தோலில் இருந்ததா என்று சொல்ல முடியாது. தேவையில்லாமல் பத்து நாள் ஆன்டிபயாட்டிக் கொடுக்க நேரிடும். மெல்லிய குழாயில் எடுப்பது ஒரு நிமிட வேதனை, ஆனால் பதில் தெளிவாகக் கிடைக்கும்.

அவசரம் இல்லாவிட்டால் இன்னொரு வழி உண்டு. குழந்தையைச் சுத்தம் செய்துவிட்டு, டயப்பர் போடாமல் ஒருவர் மடியில் வைத்துக்கொள்ள, இன்னொருவர் மூடி திறந்த புட்டியோடு காத்திருப்பது. குளிர்ந்த நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றில் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தால் சில குழந்தைகள் ஐந்து நிமிடத்துக்குள் போய்விடும். முதல் துளிகளை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். புட்டியின் உள்பக்கத்தில் விரல் படக் கூடாது. அப்பாக்கள் இந்த வேலையில் கெட்டிக்காரர்கள். அம்மா குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், அப்பாவின் கண் எங்கே இருக்க வேண்டுமோ அங்கேயே இருக்கும்.

பட்டையை முக்கிப் பார்க்கும் சோதனைக்கு உடனே பதில் கிடைத்துவிடும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு ஓரிரு நாள் ஆகும். நடுவில் மருந்தை மாற்றினால் டாக்டர் குழம்பிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். கல்ச்சர் முடிவு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மருந்து கொடுத்து இரண்டு நாளில் காய்ச்சல் போய்விட்டது. நிறுத்திவிடலாமா?

கூடாது. சொன்ன நாள் கணக்கை முடியுங்கள்.

சில குழந்தைகளுக்கு அதன் பிறகு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். சிறுநீரகமும் குழாய்களும் பிறவியிலேயே வேறு மாதிரி அமைந்திருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு. காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, சிறுநீர்ப்பையில் இருந்து சிறுநீர் மேல்நோக்கித் திரும்பிப் போகும் ரிஃப்ளக்ஸ் இருக்கும். அதை ஒன்றிலிருந்து ஐந்து வரை தரம் பிரிக்கிறார்கள். ஒன்று, இரண்டு என்றால் பிள்ளை வளர வளரப் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். நான்கு, ஐந்து என்றால் சிறப்பு மருத்துவர் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

"உடம்புச் சூடுதான் நீர்க்கடுப்புக்குக் காரணம், இளநீர் கொடு" என்கிறார் மாமியார். சரியா?

இளநீர் கொடுங்கள், பார்லித் தண்ணீர் கொடுங்கள், தவறே இல்லை. சிங்கப்பூர் வெயிலில் தண்ணீர் போதாமல் சிறுநீர் கெட்டியாகி எரிவது உண்மைதான். மாமியார் பாதி சரி. ஆனால் கிருமியால் வந்த கடுப்பை இளநீர் தீர்க்காது. காய்ச்சல், முதுகு வலி, சிறுநீரில் ரத்தம், நாற்றம், ஒரு நாள் நிறையத் தண்ணீர் குடித்தும் அடங்காத எரிச்சல், இவற்றில் ஏதாவது இருந்தால் பக்கத்து கிளினிக்கில் சிறுநீரைச் சோதித்துவிடுங்கள்.

சரி, திரும்பத் திரும்ப வருகிறதே, ஏன்? பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் நான் பார்த்த வரை காரணம் இரண்டு. ஒன்று, அடக்குவது. பள்ளிக் கழிவறை ஈரமாக இருக்கும், நாறும், தாழ்ப்பாள் சரியில்லை. இடைவேளை அரை மணி நேரம், அதில் பாதி கேன்டீன் வரிசையில் போய்விடும். காலை ஆறரைக்கு வீட்டில் போன பிள்ளை, மதியம் வீட்டுக்கு வந்து பையைக் கூடக் கழற்றாமல் கழிவறைக்கு ஓடும். தண்ணீர்ப் புட்டி அப்படியே நிரம்பியிருக்கும். குடித்தால் போக வேண்டும், போகப் பிடிக்காது, அதனால் குடிப்பதில்லை. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை போக வேண்டும் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள், வகுப்பு ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

இன்னொன்று மலச்சிக்கல். இதை யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். "நான் சிறுநீருக்கு வந்தேன், இவர் மலத்தைப் பற்றிக் கேட்கிறார்" என்று ஒரு தாத்தா கோபித்துக்கொண்டார். குடலும் சிறுநீர்ப்பையும் ஒட்டினாற்போல இருக்கின்றன. கெட்டி மலம் தேங்கிக் கிடந்தால் அது சிறுநீர்ப்பையை அழுத்தும், முழுதாகக் காலியாக விடாது. மிச்சம் நிற்கும் சிறுநீரில் கிருமி வளரும். தினமும் போகிற பிள்ளைக்கும் மலச்சிக்கல் இருக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாகப் போய் மீதி உள்ளேயே தங்கிவிடும். மலச்சிக்கலைச் சரிசெய்ததும் தொற்று, நனைத்தல், படுக்கை ஈரம் எல்லாம் சேர்ந்து குறைவது சகஜம்.

கிரான்பெரி சாறு? வந்த தொற்றைக் குணமாக்காது. சர்க்கரைதான் சேரும்.

மகனுக்கு மூன்று வயது. முன்தோல் பின்னால் போகவில்லை. குளிப்பாட்டும்போது இழுத்து இழுத்து விட வேண்டுமாமே?

வேண்டவே வேண்டாம். பிறக்கும்போது முன்தோல் மொட்டோடு ஒட்டியேதான் இருக்கும். அது நோய் இல்லை, இயல்பு. சில பிள்ளைகளுக்கு மூன்று வயதில் பிரியும், சிலருக்கு ஏழு, எட்டு வயதில், சிலருக்குப் பருவ வயது வரை ஆகும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது பலவந்தமாக இழுத்தால் தோல் கிழியும். கிழிந்த இடம் ஆறும்போது தழும்பாகி இறுகும். இயல்பாக இருந்ததை நாமே நோயாக்கிவிடுகிறோம். வெளியே மட்டும் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும். பணிப்பெண் குளிப்பாட்டினால் அவரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். ஊரில் இருந்து வந்திருக்கும் பாட்டியிடம் சொல்வதுதான் கஷ்டம், டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள்.

தோலுக்கு அடியில் வெள்ளையாக, அரிசி மாதிரி உருண்டை தெரிந்தால் அது சீழ் இல்லை. உதிர்ந்த தோல் செல்கள் சேர்ந்தது. தோல் பிரியும்போது தானாக வெளியே வரும். சிறுநீர் போகும்போது முன்தோல் பலூன் மாதிரி உப்புவதும், வலி இல்லாமல் உப்பி, தாரை நன்றாக வந்தால், பயப்பட வேண்டியதில்லை.

டாக்டரிடம் போக வேண்டியவை: நுனி சிவந்து வீங்கிச் சீழ் வருவது, முக்கி முக்கித் துளித் துளியாகப் போவது, நுனித் தோல் வெளுத்துத் தழும்பு போல் கெட்டியாவது. பல பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு கிரீம் ஒன்றைச் சில வாரம் தடவினாலே தோல் இளகிவிடும். வெளுத்துத் தழும்பானதற்குத்தான் பெரும்பாலும் முன்தோல் நீக்கம் தேவைப்படும்.

அவசரம் ஒன்று உண்டு. பின்னால் தள்ளிய தோல் திரும்ப முன்னால் வராமல், மொட்டுக்குக் கீழே வளையம் போல மாட்டிக்கொண்டு வீங்கினால், ரத்த ஓட்டம் தடைப்படும். அன்றைக்கே, அந்த மணி நேரமே மருத்துவமனை.

எங்கள் வீட்டில் சுன்னத்து செய்ய வேண்டும். என்ன பார்க்க வேண்டும்?

சிங்கப்பூரில் கிளினிக்கிலும் செய்கிறார்கள், மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்தும் செய்கிறார்கள். ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறையில் பலர் தேதி குறிப்பதால் முன்கூட்டியே பதிவு செய்வது நல்லது.

செய்வதற்கு முன் ஒன்றைக் கண்டிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள்: சிறுநீர்த் துளை நுனியில் இருக்கிறதா, கீழ்ப்பக்கம் இறங்கியிருக்கிறதா? ஏறக்குறைய 200, 300 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இப்படித் துளை கீழே இருக்கும். ஹைப்போஸ்பேடியாஸ் என்பார்கள். முன்தோல் மேலே மட்டும் முக்காடு போல இருக்கும், கீழே இருக்காது. "பாதி சுன்னத்தோடு பிறந்த பிள்ளை" என்று பெரியவர்கள் மகிழ்வதும் உண்டு. அதைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சைக்கு அந்த முன்தோலே தேவைப்படலாம், அதனால் முதலில் வெட்டிவிடக் கூடாது. குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத நோய் இருந்தாலும் முன்னரே சொல்லிவிடுங்கள்.

செய்த பிறகு, சுத்தமான துணியால் பத்து நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டாலோ, பல மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ திரும்ப வாருங்கள். நுனியில் மஞ்சளாக ஒரு படலம் படிவது ஆறுவதன் அடையாளம், அதைச் சுரண்ட வேண்டாம்.

மற்றவர்கள் கேட்பது: சிறுநீர்த் தொற்று வராமல் இருக்க எங்கள் பையனுக்கும் செய்துவிடலாமா? வேறு கோளாறு இல்லாத பையன்களில் ஒரு தொற்றைத் தடுக்க 100 பேருக்கு மேல் செய்ய வேண்டியிருக்கும் என்பது ஆய்வுக் கணக்கு. அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் நான் செய்யச் சொல்ல மாட்டேன். தொற்று திரும்பத் திரும்ப வரும் பையன், பெரிய தர ரிஃப்ளக்ஸ் இருக்கும் பையன் விஷயம் வேறு.

பையனுக்கு ரொம்பச் சின்னதாக இருக்கிறது. கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

வெளிநோயாளர் பிரிவில் கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் பிள்ளை பூசினாற்போல இருப்பான், அடிவயிற்றுக் கொழுப்பில் உறுப்பு புதைந்திருக்கும். டாக்டர் கொழுப்பை அழுத்திவிட்டு அளந்து பார்ப்பார், அளவு சரியாகவே இருக்கும். உண்மையிலேயே குறைவாக இருந்தால் ஹார்மோன் சோதனை செய்வார்கள். உறவினர் முன்னால் இதைச் சொல்லிக் கேலி செய்யாதீர்கள், பையனுக்கு எல்லாம் புரியும்.

ஒரு விதைதான் இருக்கிறது. இன்னொன்றைக் காணோம்.

நிறை மாதத்தில் பிறந்த ஆண் குழந்தைகளில் 100க்கு மூன்று, நான்கு பேருக்கு விதை இறங்காமல் இருக்கும். குறை மாதத்தில் பிறந்தவர்களுக்கு இன்னும் அதிகம். பலருக்கு முதல் சில மாதத்தில் தானாக இறங்கிவிடும். ஆறு மாதம் ஆகியும் இறங்காவிட்டால் இனி இறங்கும் வாய்ப்புக் குறைவு, சிறுவர் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆறிலிருந்து பதினெட்டு மாதத்துக்குள் இறக்கி வைத்துவிடுவது நல்லது. விதை உடம்புச் சூட்டிலேயே இருந்தால் பிற்காலத்தில் குழந்தைப்பேற்றைப் பாதிக்கலாம், புற்றுநோய் வாய்ப்பும் கூடுகிறது.

சில பையன்களுக்குக் குளிரில், பயத்தில் விதை மேலே ஓடிவிடும், வெந்நீரில் குளிக்கும்போது கீழே இருக்கும். அதற்கு அறுவை சிகிச்சை தேவையில்லை, ஆண்டுக்கு ஒரு முறை டாக்டர் தடவிப் பார்த்தால் போதும்.

அழும்போது கவட்டியில் ஒரு புடைப்பு வருகிறது. தூங்கும்போது போய்விடுகிறது.

குடலிறக்கமாக இருக்கலாம். இது தானாக மூடாது. கைக்குழந்தைகளுக்குக் குடல் மாட்டிக்கொள்ளும் ஆபத்து அதிகம், அதனால் அறுவை சிகிச்சைக்கு அதிக நாள் தள்ளிப்போட மாட்டார்கள். புடைப்பு உள்ளே போகாமல் கல்லாகி, பிள்ளை விடாமல் அழுது, வாந்தி எடுத்தால் அன்றிரவே அவசரப் பிரிவு. காசை வைத்துக் கட்டுவது, பெல்ட் போடுவது எல்லாம் உதவாது.

விதைப்பை மட்டும் வலியில்லாமல் நீர்ப் பை போல் வீங்கியிருந்தால் நீர் கோத்திருக்கலாம். டார்ச் அடித்தால் வெளிச்சம் ஊடுருவும். குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் ஒன்று, இரண்டு வயதுக்குள் வற்றிவிடும். ஆனால் எது எது என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், நீங்கள் டார்ச் அடித்து முடிவு செய்ய வேண்டாம்.

பெரிய பையன், திடீரென்று அடிவயிற்று வலி, வாந்தி. வாயு என்று நினைத்தோம்.

இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். உயர்நிலைப் பள்ளிப் பையன், ராத்திரி இரண்டு மணி. "வயிறு வலி" என்கிறான். அம்மா ஓமத் தண்ணீர் கொடுக்கிறார், வயிற்றில் தைலம் தடவுகிறார். பையன் சுருண்டு படுத்திருக்கிறான், தொடையைச் சேர்த்து வைத்துக்கொண்டு. வலி விதையில். அம்மாவிடம் சொல்ல வெட்கம். காலையில் அப்பா கேட்டதும்தான் சொல்கிறான். அதற்குள் பல மணி நேரம் போயிருக்கும்.

விதை தன் தண்டிலேயே முறுக்கிக்கொண்டால் ரத்தம் போகாது. வலி தொடங்கி ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் முறுக்கைப் பிரித்தால் விதையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். நேரம் போகப் போக வாய்ப்பு சரிகிறது. பருவ வயதில்தான் அதிகம் வரும், அடிபட வேண்டும் என்றில்லை, தூக்கத்திலேயே வரலாம். ஒரு விதை வீங்கி, சிவந்து, மற்றதைவிட மேலே ஏறியிருக்கும், தொட விடமாட்டான்.

அதனால் எந்த வயதுப் பையனாக இருந்தாலும் அடிவயிற்று வலி என்றால் "கீழே வலிக்குதா?" என்று நேராகக் கேளுங்கள். ஆம் என்றால் கிளினிக் திறக்கும் வரை காத்திருக்க வேண்டாம். டாக்சி பிடியுங்கள், முடியாவிட்டால் 995ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம், அதனால் போகும் வழியில் சாப்பாடு, மைலோ எதுவும் வேண்டாம். அறுவை சிகிச்சையில் மற்ற விதையையும் சேர்த்துத் தைத்துவிடுவார்கள், அதுவும் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க. போய்ப் பார்த்தால் வெறும் கிருமி வீக்கம் என்றோ, பக்கத்தில் இருக்கும் சின்னத் துணுக்கு முறுக்கிக்கொண்டது என்றோ சொல்லி அனுப்பலாம். அனுப்பட்டுமே, நஷ்டம் என்ன?

மகளுக்கு ஐந்து வயது. அரிப்பு, எரிச்சல், உள்ளாடையில் கறை. வெள்ளைப்படுதலா?

பருவமடையாத சிறுமிகளுக்கு அந்த இடத்துத் தோல் மிக மெல்லியது. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் வந்த பிறகுதான் அது தடிக்கும். அதுவரை சோப்பு, வியர்வை, ஒட்டிக்கொண்ட சிறுநீர் எதுவும் எரிச்சல் மூட்டிவிடும். டயப்பர் விட்ட சிறுமிகளுக்குப் பூஞ்சைத் தொற்று அபூர்வம், அதனால் பெரியவர்கள் போடும் பூஞ்சைக் கிரீமை மருந்துக் கடையில் வாங்கித் தடவுவதில் பயனில்லை.

பெரும்பாலும் பழக்கத்தை மாற்றினாலே சரியாகும். குளிக்கும் தண்ணீரில் டெட்டால் ஊற்றும் வழக்கத்தை முதலில் விடுங்கள். நம் வீடுகளில் இது ஒரு நோய் மாதிரியே பரவியிருக்கிறது. நுரைச் சோப்பும் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். பருத்தி உள்ளாடை, இறுக்கமான லெகிங்ஸுக்குப் பதில் தொளதொளப்பான உடை, நீச்சல் வகுப்பு முடிந்ததும் ஈர உடையை உடனே மாற்றுவது. கழிவறையில் முழங்காலை அகட்டி உட்காரப் பழக்குங்கள். ஒட்டி உட்கார்ந்தால் சிறுநீர் உள்ளே தேங்கி அப்புறம் கசியும். துடைப்பது முன்னிருந்து பின்னுக்கு. எரிச்சலுக்கு வாசலின் மெல்லியதாகத் தடவலாம்.

இரவில்தான் அரிப்பு, அதுவும் பின்பக்கம் என்றால் கீரிப்பூச்சியாக இருக்கலாம். வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் மருந்து எடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் எடுக்க வேண்டும். நாற்றத்தோடு, ரத்தக் கறையோடு கசிவு என்றால் டாக்டர் பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் டிஷ்யூத் துண்டு, பொம்மையின் பாகம் எதையாவது உள்ளே வைத்துக்கொள்வது உண்டு.

பெண் குழந்தைக்கு அந்த இடம் ஒட்டி மூடியிருப்பது போல் தெரிகிறது?

உதடுகள் மெல்லிய படலத்தால் ஒட்டிக்கொள்வது. டயப்பர் வயதில் வரும், பருவமடைவதற்குள் தானாகப் பிரியும். சிறுநீர் நன்றாகப் போனால் தொட வேண்டாம். தொந்தரவு இருந்தால் டாக்டர் கிரீம் தருவார். கையால் பிரிக்காதீர்கள்.

பிறந்து நான்கு நாள், டயப்பரில் ரத்தம்!

பெண் குழந்தை என்றால் தாயின் ஹார்மோன் குறைவதால் சில துளி ரத்தமும் வெள்ளைக் கசிவும் முதல் வாரத்தில் வரலாம். தானே நின்றுவிடும். ஆணோ பெண்ணோ, செங்கல் தூள் போல் இளஞ்சிவப்புக் கறை என்றால் சிறுநீரில் உள்ள உப்புப் படிகம், பால் போதாமல் இருக்கலாம். அடிக்கடி பாலூட்டுங்கள், பிறகும் தொடர்ந்தால் காட்டுங்கள். இதே ஹார்மோனால் பிறந்த குழந்தைக்கு, ஆண் குழந்தைக்கும்தான், மார்பு வீங்கிப் பால் துளிர்க்கலாம். பிதுக்கினால் சீழ் பிடிக்கும்.

அரைஞாண் கயிறு கட்டலாமா?

கட்டுங்கள். இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக. குழந்தை மாதாமாதம் வளரும், கயிறு வளராது. டயப்பர் விளிம்பில் ஈரமாகி நமநமவென்று சிவந்தால் கழற்றி வைத்துவிட்டு ஆறிய பிறகு கட்டுங்கள். கறுப்பு நூல் பிரிபிரியாக அவிழ்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். நூலோ அம்மாவின் உதிர்ந்த தலைமுடியோ பையனின் உறுப்பைச் சுற்றி இறுக்கி வீங்கவைப்பது அரிது, ஆனால் நடக்கிறது. காரணம் தெரியாமல் அழும் குழந்தைக்கு டயப்பரைக் கழற்றி முழுதாகப் பார்ப்பது அதற்காகத்தான்.

தொடக்கநிலை இரண்டு படிக்கிறான், இன்னும் படுக்கையை நனைக்கிறான்.

ஏழு வயதில் பத்துப் பிள்ளைகளில் ஒருவர் நனைக்கிறார். ஆண்டுதோறும் அவர்களில் 100க்கு 15 பேர் வைத்தியம் இல்லாமலே நிறுத்திவிடுகிறார்கள். அப்பாவோ அம்மாவோ சின்ன வயதில் நனைத்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதி. ஊருக்குப் போன் போட்டு உங்கள் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள், உண்மை வெளியே வரும். சோம்பேறித்தனமோ கொழுப்போ இல்லை. ராத்திரியில் சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோன் போதாமல் இருக்கலாம், சிறுநீர்ப்பை சின்னதாக இருக்கலாம், நிறைந்தாலும் மூளை எழுப்பாத ஆழ்ந்த தூக்கமாக இருக்கலாம். அடித்தால் ஆழ்ந்த தூக்கம் லேசாகுமா? சூடு வைப்பேன் என்று மிரட்டினால் பயத்தில் இன்னும் கூடத்தான் செய்யும்.

ஐந்து வயதுக்கு முன் ஒன்றும் செய்ய வேண்டாம். அதற்குப் பிறகு, பகலில் நிறையத் தண்ணீர், சாயங்காலத்துக்குப் பின் குறைவு. படுக்குமுன் கழிவறை. மலச்சிக்கல் இருந்தால் அதை முதலில். டீ, மைலோ, கோலா இரவில் வேண்டாம்.

பிள்ளைக்கே நிறுத்த வேண்டும் என்ற ஆசை வந்தால் ஈரம் பட்டதும் ஒலிக்கும் அலாரம் நல்ல வழி. இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். ஆனால் வீவக அடுக்குமாடி வீட்டில், ஒரே அறையில் தம்பி, பாட்டி, பிள்ளை என்று படுத்திருந்தால் அலாரத்துக்கு எல்லாரும் எழுவார்கள், பிள்ளை மட்டும் எழ மாட்டான். நீங்கள்தான் எழுப்பி, முழுத் தூக்கமும் கலைய நடத்திக்கொண்டு போக வேண்டும். இதற்குத் தெம்பில்லாத மாதங்களில் தொடங்காதீர்கள்.

டெஸ்மோபிரசின் மாத்திரை அன்றிரவுக்கு மட்டும் சிறுநீரைக் குறைக்கும். பள்ளி முகாமுக்கு, உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகும்போது உதவும். முகாமுக்குச் சில வாரம் முன்பே வீட்டில் போட்டுப் பார்த்து அளவு சரியா என்று தெரிந்துகொள்ள வேண்டும். மாத்திரை போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எட்டு மணி நேரம் பின்பு வரை தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது. குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரை போகலாம். டாக்டர் எழுதித் தந்தால்தான் போட வேண்டும்.

ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று மறுபடி தொடங்கினால் அது வேறு கதை. கூடவே தாகம், மெலிவு, அடிக்கடி சிறுநீர் என்றால் அன்றைக்கே சர்க்கரையைச் சோதியுங்கள். சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், வீட்டிலோ பள்ளியிலோ மனதை உறுத்தும் ஏதாவது இருக்கலாம்.

பகலில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை போகிறாள். சோதனையில் ஒன்றுமில்லை.

சில பிள்ளைகளுக்கு இப்படிச் சில வாரம் வந்து போகும். பள்ளி மாறும்போது, தேர்வு நேரத்தில், தம்பி பிறந்ததும் பார்க்கலாம். தூக்கத்தில் வராது, வலி இருக்காது. தொற்றும் சர்க்கரையும் இல்லை என்று உறுதியானதும் "இப்பதானே போனே?" என்று கேட்பதை நிறுத்துங்கள், அதுவே பாதி மருந்து.

சிறுநீரின் நிறம் மாறியிருக்கிறது?

சிவப்பு டிராகன் பழம், பீட்ரூட் சாப்பிட்டானா என்று முதலில் கேளுங்கள். பேஸ்ட்ரியில் போட்ட சாயம்கூடச் செய்யும். ஆனால் தொண்டை வலி வந்து ஓரிரு வாரத்தில் கோலா போல, கட்டஞ்சாயா போலச் சிறுநீர் போனால் சிறுநீரக அழற்சியாக இருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள். காலையில் கண்ணிமை வீங்கி, சிறுநீர் நுரைத்தாலும் தள்ளிப்போடக் கூடாது. மூக்கு அலர்ஜி என்று வாரக்கணக்கில் வைத்திருந்துவிட்டு, கால் வீங்கிய பிறகு கொண்டுவருவார்கள்.

யாராவது தொட்டிருப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

அந்த இடத்தில் சிவப்பு, அரிப்பு மட்டும் இருந்தால் பெரும்பாலும் மேலே சொன்ன சாதாரணக் காரணம்தான். காயம், ரத்தம், பருவமடையாத பிள்ளைக்குப் பால்வினைத் தொற்று, ஒரு குறிப்பிட்ட ஆளிடம் போக மறுப்பது, பிள்ளையே ஏதாவது சொல்வது, இவை இருந்தால் நம்புங்கள். துருவித் துருவிக் கேட்க வேண்டாம், "நீ சொன்னது நல்லது" என்று மட்டும் சொல்லுங்கள். குளிப்பாட்டாமல், உடையைத் துவைக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். தேசிய வன்முறை எதிர்ப்பு உதவித் தொலைபேசி 1800-777-0000, எந்த நேரமும் பேசலாம். சொந்தக்காரராயிற்றே என்று மூடிவைக்க வேண்டாம்.

எங்கே போவது, என்ன கொண்டுபோவது?

அவசரம் இல்லாதவற்றுக்குப் பலதுறை மருந்தகம். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அங்கே பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு சிறப்பு மருத்துவரிடம் போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். நேராகத் தனியார் சிறப்பு மருத்துவரிடம் போனால் முழுக் கட்டணம். பகல்நேர அறுவை சிகிச்சைகள் பலவற்றுக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கைப் பயன்படுத்தலாம், எவ்வளவு என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

நனைத்தல், அடிக்கடி போதல் என்றால் இரண்டு நாள் கணக்கு எழுதிக் கொண்டுபோங்கள்: எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தான், எத்தனை மணிக்குப் போனான், மலம் எப்படி. வந்து வந்து மறையும் புடைப்பு என்றால் அது தெரியும்போதே போனில் படம் எடுத்துவையுங்கள், ஏனென்றால் டாக்டர் முன்னால் நின்றதும் அது எப்போதும் மறைந்துவிடும். காட்டி முடித்ததும் படத்தை அழித்துவிடுங்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடப் போகிறது.